நாகப்பட்டினத்துக்கும் ஒரு நாள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விடுமுறை வருகிறது. நம்ம ஃபேரர் பார்க் வட்டாரத்தில் பல வீடுகளில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே போறீங்க என்றால், "தமிழ்நாட்டுக்கு" என்கிறீர்கள். தமிழ்நாட்டில் எங்கே? தியாகராய நகர்! சேலை எடுக்கச் சிராங்கூன் ரோடு போதாதா? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பார்த்து வருகிறவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் இன்னும் தெற்கே வாருங்கள்.

நாகப்பட்டினம். உங்களில் பலருடைய பாட்டன், பூட்டன் கப்பலேறிய ஊர். கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள்ளே நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏறணும். 'ரஜூலா' கப்பலைத் தெரியாத பெரியவர்கள் இங்கே குறைவு. அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல் பயணமும் முடிந்தது.

இந்த வழி அவர்களோடு தொடங்கியதும் அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஸ்ரீவிஜய மன்னர் அங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பினார். இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அவன் மகன் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்பியது வேறு கதை! பக்கத்திலேயே நாகூர். நம் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் கட்டி முடித்த நாகூர் தர்காவுக்கு மூலம் அங்கேதான். வடக்கே தரங்கம்பாடியில், 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்த ஊரும் அதுவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்தக் கடல் நம்ம ஈஸ்ட் கோஸ்ட் கடல் மாதிரி சாது அல்ல. பிள்ளைகளை அலையில் இறக்கிவிடாதீர்கள். நம் ஆண்டிறுதி விடுமுறையும் அவர்களுடைய மழை, புயல் காலமும் ஒன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

புறப்படுமுன், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், எந்த ஊர், எந்தக் கப்பல், யாரோடு வந்தீங்க என்று கேளுங்கள். குழந்தையாகக் கப்பலில் வந்தவருக்கே இன்று எழுபது, எண்பது வயது. சொல்லும் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் பெயர் தமிழில்தான் எழுதியிருக்கும்.