உரை முடிந்த பிறகும் படங்கள் தொங்கட்டும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சர் சி.வி. இராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை 1928இல் அறிவித்த நாள் அது. அதையொட்டிப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பொது உரை, பயிற்சிப் பட்டறை, ஆய்வகப் பார்வை என்று பல நிகழ்ச்சிகளை நடத்தும். அழைப்பிதழ் நம் பள்ளிக்கும் வரும். வந்தபின் என்ன நடக்கிறது? அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். நன்றாகப் படிக்கும் நான்கு பேரை ஓர் ஆசிரியர் அழைத்துச் செல்கிறார். அரங்கில் ஒரு மணி நேரம் அமர்கிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள், குழுப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் பாடம் வழக்கம்போல் நடக்கிறது. வகுப்பில் மீதியுள்ள முப்பத்தாறு பேருக்கு அப்படியொரு நிகழ்ச்சி நடந்ததே தெரியாது.

நம் பிள்ளைகள் பலரின் வீட்டில் பல்கலைக்கழக வாசலை யாரும் மிதித்ததில்லை. அந்த வாசல் தமக்கும் உரியது என்று அவர்கள் நினைப்பதும் நினைக்காததும் இப்படிப்பட்ட ஒரு நாளை நாம் பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது. அதற்கு வழிகாட்டும் ஒரு வரலாற்றை முதலில் சொல்கிறேன்.

1867ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற இளைஞர் இருந்தார். வயது 24. பெண்களின் உயர்கல்விக்காக இங்கிலாந்தின் வடபகுதியில் பாடுபட்டவர்கள் அவரை உரையாற்ற அழைத்தார்கள். கேட்க வந்த பெண்களில் பலர் ஆசிரியைகள். கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுங்கள் என்பது கோரிக்கை. ஸ்டூவர்ட், கற்பித்தலைப் பற்றிப் பேசுவதைவிட ஒரு பாடத்தைக் கற்பித்தே காட்டுகிறேன் என்று சொல்லி வானியலை எடுத்துக்கொண்டார். லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நான்கு நகரங்களுக்கும் ரயிலில் போய்வந்து தொடர் உரைகள் நிகழ்த்தினார்.

அங்கே அவர் இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, உரையின் சுருக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். எதைக் குறித்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறியவர்களுக்கு அது பிடிமானமாக இருந்தது. இரண்டு, உரைக்குப் பின் எழுத்துக் கேள்விகளைக் கொடுத்தார். இளைஞர் ஒருவர் பெண்களிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்பது அக்காலத்தில் சரியாகக் கருதப்படவில்லை. அதனால் கேள்வியும் தாளில், பதிலும் தாளில். அவர் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான விடைத்தாள்கள் வந்து குவிந்தன.

மூன்றாவது பழக்கம் தற்செயலாகப் பிறந்தது. ராக்டேல் என்ற ஆலை நகரில், கூட்டுறவு இயக்கத்துக்குப் பேர்போன அந்த ஊர்த் தொழிலாளர்களுக்கு அவர் உரையாற்றினார். ஒருநாள் ஊர் திரும்பும் அவசரத்தில், சுவரில் மாட்டிய விளக்கப்படங்களைக் கழற்றாமல், அடுத்த வாரம்வரை அப்படியே இருக்கட்டும் என்று அரங்கக் காப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் வந்தபோது காப்பாளர் ஒரு செய்தி சொன்னார். இடையில் கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத் தங்களுக்குள் விவாதித்தார்களாம். கேட்க நிறையக் கேள்விகள் இருக்கின்றனவாம். உரை தொடங்க அரைமணி முன்னதாகவே வருகிறார்களாம். அந்த அரைமணி நேரம்தான் பின்னாளில் ‘வகுப்பு’ என்ற பெயரில் ஒவ்வோர் உரையோடும் சேர்ந்தது.

சுருக்கத் தாள், எழுத்துக் கேள்வி, கலந்துரையாடல் வகுப்பு. இம்மூன்றையும் கொண்டு 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் நகரங்களில் விரிவாக்க உரைகளை முறைப்படி தொடங்கியது. நாட்டிங்காமில் அந்த ஆர்வம் 1881இல் ஒரு கல்லூரியாகவே நிலைபெற்றது. 1948இல் அது பல்கலைக்கழகமானது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் இவ்வுரைகளை ஆர்வத்தோடு கேட்டவர்கள்தாம். 1887இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. கூலி நின்றது, அதோடு உரைகளும் நின்றுபோயின. ஆர்வம் மட்டும் போதாது, செலவையும் யாராவது ஏற்க வேண்டும் என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது.

‘விரிவாக்கம்’ என்ற அதே சொல் நம்மிடமும் இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. நம் கிராமத்துப் பிள்ளைக்கு மிக அருகில் இருக்கும் பல்கலைக்கழக வாசல் அதுதான். உழவர்களுக்காக அங்கு நடக்கும் மண் பரிசோதனைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஸ்டூவர்ட்டின் மூன்று பழக்கங்களையும் அதில் பொருத்திப் பார்க்கலாம்.

போவதற்கு முந்தைய வாரம் ஒரு பக்கத் தாள் தயாரிப்போம். மண் மாதிரி எடுக்க ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்ட வேண்டும். வயலில் பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளை நீக்க வேண்டும். அரைக்கிலோ ஆகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இவ்வளவும் படத்தோடு ஒரு பக்கத்தில் அடங்கும். எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் அமிலம், காரம் பாடத்தையும் அதில் இணைக்கலாம்.

அடுத்து, போகிறவர், போகாதவர் என்ற வேறுபாடின்றி வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு கேள்வி எழுதட்டும். வரப்போரம் ஏன் மண் எடுக்கக் கூடாது? மரநிழலில் எடுத்தால் என்ன ஆகும்? எருக்குழி அருகே எடுத்தால் முடிவு எப்படி மாறும்? போகும் நான்கு பேரும் தங்கள் கேள்வியோடு வகுப்பின் கேள்விகளையும் எடுத்துச் செல்லட்டும்.

திரும்பி வந்தபின் படங்களையும் மண் மாதிரியையும் ஒரு வாரம் வகுப்பறையிலேயே வைத்திருங்கள். உடனே எடுத்து அடுக்கிவிடாதீர்கள். ஒரு பாடவேளையை அந்த நால்வரிடம் கொடுங்கள். மற்றவர்கள் கேட்கட்டும். விடை தெரியாத கேள்விகளைத் தொகுத்து, அந்த நிலையத்துக்கே ஒரு கடிதமாக அனுப்புங்கள். மாணவர் கையெழுத்தில் போகும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது அறிஞர்களுக்கும் மகிழ்ச்சி தரும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை எங்கே அழைத்துப் போவது என்று கேட்கலாம். அழைத்துப் போக வேண்டியதில்லை. நீங்கள் போய்வாருங்கள். ஒரு படம், ஒரு விதை, ஒரு பிடி மண் கொண்டுவாருங்கள். ஸ்டூவர்ட்டின் முதல் கேட்பாளர்களும் ஆசிரியைகள்தாமே.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. மாலை ஐந்து மணி உரைக்குப் போனால் கடைசிப் பேருந்து போய்விடும். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். உரை ஆங்கிலத்தில் இருக்கும். இவற்றை நம் குறையாக எண்ணி ஒதுங்க வேண்டாம். அழைப்பிதழில் ஏற்பாட்டாளர் பெயர் இருக்கும். காலை நேரத்தில் வைக்க முடியுமா, தமிழில் பேச முடியுமா, கேள்விக்கு அரைமணி ஒதுக்க முடியுமா, பயணச் செலவுக்கு வழி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெற்றோரிடம் ஆசிரியை ஒருவர் நேரில் பேசினால் பாதித் தயக்கம் தீரும். நால்வரைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண் பட்டியலை மூடி வைத்துவிட்டு, கேள்வித் தாள்களைப் பாருங்கள். நல்ல கேள்வி எழுதிய பிள்ளை கடைசி இருக்கையில் இருக்கலாம். அந்தப் பிள்ளையை முதலில் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த ஆண்டு அழைப்பிதழ் வந்தவுடன், பலகையில் ஒட்டுவதற்கு முன் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். “இதில் உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். மற்றவை அதிலிருந்து தொடங்கும்.