ஒற்றைக் ககரம்



1959-இல் முதல் ஊதுலை எரியத் தொடங்கிய நம் பிலாயில், பல்லாண்டுகளுக்குப் பின் நடுநிலைப் பள்ளி ஆசிரியனாக நான் அடியெடுத்து வைத்தேன். இந்தியில் பாடம், வகுப்பிலோ சத்தீஸ்கரி, வங்காளி, தெலுங்கு, பஞ்சாபிப் பிள்ளைகள்! அகரத்தை ஒகரமாக ஒலித்த வங்கச் சிறுமி ஒருத்தியை மும்முறை திருத்தினேன். அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். புதுப் பதவியின் மிடுக்கு. அதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் நண்பகல் மணி அடித்ததும், ‘கானா உண்ணச் செல்லுங்கள்’ என்றேன். நம் தமிழில் ககரம் ஒன்றுதானே! மூச்சேறாத அச்சொல்லுக்கு இந்தியில் ஒற்றைக்கண்ணன் என்று பொருளாம். வகுப்பே நகைத்தது. அச்சிறுமி மட்டும் நகைக்கவில்லை. அருகே வந்து, உள்ளங்கையை வாயெதிரே வைத்து, மூச்சுப் படும்படி அதைச் சொல்லிக் காட்டினாள்.

அவ்வெழுத்து இன்றும் எனக்கு முழுதாய் வருவதில்லை. அவளோ அன்று முதல் வகுப்பில் பேசினாள். அவளுடைய ஒகரத்தை நான் திருத்தவில்லை.