தடை கடக்கும் துகளும் தமிழ்ச் சொல்லும்



கோவையிலிருந்து மேற்கே நோக்கினால் மலைத்தொடர் மதிலென நிற்கிறது. மறுபுறம் சேர வழிகள் இரண்டு. ஒன்று, உச்சிவரை ஏறி இறங்குதல். மற்றொன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுதல். ஏறுவதற்கு ஆற்றல் வேண்டும். புகுவதற்கு இடைவெளி வேண்டும். இவ்விரண்டும் இன்றியே தடையைக் கடக்கும் துகள் உண்டு என்கிறது குவாண்டம் இயற்பியல்.

அதற்குச் சான்று தமிழகத்திலேயே உள்ளது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்துள்ளது. அதிலுள்ள தோரியத்தின் அணுக்கருவிலிருந்து ஆல்பாத் துகள் வெளிப்படுகிறது. அதனைத் தடுத்து நிற்கும் ஆற்றல் தடையின் உயரம் 2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல்; வெளிவரும் துகளின் ஆற்றலோ ஏறத்தாழ 40 இலட்சமே. 1928ஆம் ஆண்டில் காமோவும், தனியே கர்னி, காண்டன் ஆகிய இருவரும் இப்புதிரை விடுவித்தனர். துகளுக்கு அலைத்தன்மை உண்டு. அவ்வலை தடையினுள் தேய்ந்து தேய்ந்து, மிகச் சிறு எச்சமாக மறுபுறம் தலைகாட்டுகிறது. துகள் அங்குக் காணப்படும் வாய்ப்பை அவ்வெச்சமே தருகிறது.

தேய்வது வாய்ப்பே; ஆற்றல் அன்று. துகள் ஆற்றலைக் கடன் வாங்கித் தடையைத் தாண்டிப் பின்னர்த் திருப்பித் தருகிறது என எளிமை கருதிக் கூறுவாருண்டு. கணக்கில் அத்தகைய கடன் ஏதும் இல்லை. தடைக்கு முன்னும் பின்னும் மொத்த ஆற்றல் ஒன்றே. தோரிய அணுக்கருவின் நிறை, அது சிதைந்து உண்டாகும் ரேடியம், ஆல்பா ஆகியவற்றின் நிறைகளைக் கூட்டியதினும் சற்றே மிகுதி. அம்மிகுதியே இயக்க ஆற்றலாகிறது.

தடைக்குச் செலுத்தும் விலை காத்திருப்பே. தோரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1405 கோடி ஆண்டுகள். அதன் வழித்தோன்றலான பொலோனியம் 212 வெளியிடும் துகளுக்கு ஆற்றல் இருமடங்கினும் சற்று மிகுதி. அதன் அரை ஆயுட்காலமோ ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

இந்நிகழ்வைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? ‘சுரங்கம்’ எனின் முன்பே வழி இருந்ததாகிவிடும். ‘துளைத்தல்’ எனின் துளைக்கும் உழைப்பில் ஆற்றல் செலவானதாகிவிடும். ‘ஊடுருவல்’ என்னும் சொல் பொருந்துகிறது. அம்பு ஊடுருவுவதாகக் கூறும் வழக்கு உண்டெனினும், கண்ணாடியை ஒளி ஊடுருவுவதாகவும் தமிழ் கூறுகிறது. அங்கே துளை விழுவதில்லை.

கலைச்சொல் காண்போர் அகராதியோடு அறிவியலின் கணக்கையும் நோக்குதல் வேண்டும். பிழைபட்ட சொல் மாணவர் உள்ளத்தில் பிழைபட்ட இயற்பியலையே விதைக்கும்.