சீலைப்பேன்: வன்னியில் கேட்டு வந்த கதை

(தோட்டக் கமிட்டிகளின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. பேனைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறீர்கள். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறோம்.

சென்ற விடுமுறையில் நம் கமிட்டியிலிருந்து நாலு பேர் கிளிநொச்சிக்குப் போய் வந்தோம். மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் நம் சொந்தக்காரர் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1958, 1977, 1983 கலவரங்களிலும், நடுவே எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடிய காலத்திலும், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வன்னிக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கேயும் சிலர் வாயில் அவர்கள் 'தோட்டக்காட்டார்'தான். 2009இல் அவர்களும் மற்றச் சனத்தோடு சனமாக மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடி, முடிவில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த முகாமில் உச்சக் கட்டத்தில் 2,25,000 பேர் இருந்ததாக ஐக்கிய நாடுகள் சபை சொல்கிறது. ஐந்து பேருக்கான கூடாரத்தில் பத்துப் பேர், அதற்கு மேலும். தண்ணீருக்குப் பவுசரை எதிர்பார்த்து நீண்ட வரிசை. அம்மையும் மஞ்சட்காமாலையும் பரவின. 2012 செப்டெம்பரில்தான் முகாம் மூடப்பட்டது. இவையெல்லாம் பத்திரிகையில் வந்தவை. நாம் தங்கிய வீட்டு அத்தை சொன்னது பத்திரிகையில் வராதது.

"பங்கருக்குள்ள உடுத்திருந்த சீலையோடதான் முகாமுக்கு வந்தது. மாத்த வேற துணி இல்ல. இடுப்பைச் சுத்தி ஒரே அரிப்பு. தலையில பேன் இருக்கு, அது எல்லாருக்கும் இருந்திச்சு. இது வேற. ஒருநாள் பாவாடை நாடா மடிப்பைப் பிரிச்சுப் பாத்தா, எள்ளுக் கொட்டின மாதிரி. யாருகிட்டயும் சொல்லல. வெக்கம்."

பல நாள் கழித்து, பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி அதே இடத்தைச் சொறிவதைக் கண்டாராம். அதன் பிறகு இருவரும் பேசினார்கள். ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குள் இருக்க, மற்றவர் அவருடைய துணியை ஒரு தகரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார். மறுநாள் மற்றவரின் முறை. சில தடவை செய்ததும் அரிப்பு நின்றுவிட்டது. எந்த டொக்டரும் சொல்லித் தரவில்லை. ஆனால் எந்த டொக்டரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஏனென்று பார்ப்போம். தலைப்பேன் முடியில் வாழும், முடியில் ஈர் வைக்கும். அத்தை கண்டது சீலைப்பேன். நம் முன்னோர் வைத்த பெயரிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. அது உடம்பில் குடியிருப்பதில்லை, சீலையில்தான் குடியிருக்கிறது. தையல் மடிப்பிலும் நாடாவிலும் கொலரிலும் ஒட்டிக்கொண்டு, அங்கேயே ஈர் வைத்து, பசிக்கும்போது மட்டும் உடம்புக்கு வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். தலைப்பேனிலிருந்து பிரிந்து வந்த இனம் இது. மனிதன் துணி உடுத்தத் தொடங்கிய பிறகுதான் இப்படி ஒரு பேன் உண்டாயிருக்க முடியும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்கள். உடம்பை விட்டுப் பிரித்தால் ஒரு வாரத்துக்குள் பசியால் செத்துவிடும். ஈர் பொரிக்க ஒரு வாரம், குளிர் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும்.

ஆகவே மருந்து பூசுவதை விடத் துணியைக் கவனிப்பதுதான் முக்கியம். இடுப்பு, அக்குள், கழுத்து, தோள் பக்கம் சிவந்த புள்ளியும் அரிப்பும் இருந்தால், துணியை உட்புறம் திருப்பித் தையலைப் பாருங்கள். கண்டால் உடுத்திய துணி முழுவதையும் ஒரே நேரத்தில் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்து, சுத்தமான துணி உடுத்த வேண்டும். கழற்றிய துணி, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் ஒரே நாளில் வெந்நீருக்குப் போக வேண்டும். 54 பாகை செல்சியசுக்கு மேல் சூடு இருந்தால் பேனும் ஈரும் சாகும். லயத்து அடுப்பில் பாகை பார்க்க முடியாது. கொதித்த தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் ஊற விடுங்கள், போதும். பிறகு தையல் மடிப்பின் மேல் சூடான இஸ்திரிக்கைப் பெட்டியை அழுத்தி ஓட்டுங்கள். கொதிநீரில் போட முடியாத கம்பளியைச் சுத்தமான பொலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். உரப்பை வேண்டாம்.

அனேகமானோருக்கு இதற்கு மேல் மருந்து தேவைப்படாது. நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் பேமெத்ரின் தருவார்கள். தலைப்பேனுக்கும் அதுதான்: பூசி, சொன்ன நேரத்தில் கழுவி, ஒன்பது பத்து நாளில் மறுபடியும் ஒரு தடவை, இடையில் பேன் சீப்பு. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கடி, அதுவும் இரவில் கூடுதல் என்றால் அது சொறி, பேன் அல்ல. அதற்குரிய மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறோம். மலைக்கு அடிக்கும் மருந்தைப் பிள்ளையின் தலையில் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம். பேனோடு பிள்ளையும் போய்விடும்.

பேன் வெறும் அரிப்புத்தானே என்று நினைக்கவும் வேண்டாம். தலைப்பேன் அப்படித்தான். சீலைப்பேன் நோய் காவும். டைபஸ் காய்ச்சலைக் காவுவது அதுதான் என்று 1909இல் தூனிஸ் நகரத்தில் சார்ல்ஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு டொக்டர் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை நோயாளி மற்றவருக்கு நோயைக் கொடுக்கிறார். உள்ளே எடுத்து, துணியைக் கழற்றி, குளிப்பாட்டியதும் யாருக்கும் தொற்றவில்லை. ஆள் அதே ஆள், மாறியது துணி. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. 1928இல் நோபல் பரிசு கிடைத்தது. 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படையும், தொண்ணூறுகளில் புருண்டி அகதி முகாம்களும் இந்தப் பேனால் செத்தவர்களைப் புதைத்தன. 1943இல் நேப்பிள்ஸ் நகரத்தில் டி.டி.ரி. தூவி அடக்கினார்கள்; சில வருடத்தில் கொரியப் போரில் அதே தூள் பேனிடம் தோற்றது. வெந்நீர் இன்னும் தோற்கவில்லை.

பேன் உள்ளவருக்குக் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் பேன் இருந்ததை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டைபசுக்கு நல்ல மருந்து இருக்கிறது. நேரத்துக்குச் சொன்னால்தான் அது உதவும்.

ஆனால் வெட்கம் வாயைக் கட்டுகிறது. நம் பாட்டன் பூட்டனை மண்டபம் முகாமில் அடைத்து, துணிமணிக்கெல்லாம் கிருமி நீக்கிய பிறகுதான் கப்பலேற்றினார்கள். அன்றிலிருந்து அழுக்கு என்றால் நம்மைக் கைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. போன தவணையில் நம் அங்கத்தவர் ஒருவரின் மகளை ஒரு பாடசாலையில் வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, தலையில் பேன் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வாரம் போகவில்லை. தலைப்பேனுக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து துரத்தத் தேவையில்லை என்பதே இன்றைய வைத்திய ஆலோசனை. தலைப்பேன் கழுவிய தலையிலும் ஏறும், பணக்காரத் தலையிலும் ஏறும்.

சீலைப்பேனோ மாற்றுத் துணியும் தண்ணீரும் இல்லாத இடத்தில்தான் ஏறும். மெனிக் பாமில் அத்தைக்கு இல்லாமல் போனது சுத்தம் அல்ல, இன்னொரு சீலையும் ஒரு வாளித் தண்ணீரும். நம் லயங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிறார்கள். மழைக் காலத்தில் நனைந்த கம்பளி மூன்று நாளைக்கும் காய்வதில்லை. காயாததையே கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம். பீலியில் ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில். பெண்கள் உடுத்த துணியோடுதான் குளிக்க வேண்டும். மடிப்பைப் பிரித்துப் பார்ப்பது எங்கே?

ஆகவே கமிட்டி நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் மூன்றைக் கேட்கிறோம்: ஒவ்வொரு லயத்துக்கும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை, மழைக்காலத்தில் கம்பளி காயவைக்கக் கூரை போட்ட இடம், ஆளுக்கு இரண்டாவது கம்பளி. கடிதத்தின் பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகும். கையெழுத்துத் தாள் தலைவியிடம் இருக்கிறது, கைநாட்டும் வைக்கலாம்.

பதில் வரும் வரை சும்மா இருக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு காலை பழைய மடுவத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய அண்டா வைக்கிறோம். மேல் லயம் விறகு, கீழ் லயம் தண்ணீர். சுற்றிச் சாக்கு கட்டி மறைப்புப் போடுவோம். எல்லா வீட்டுத் துணியும் வரட்டும், பேன் இருப்பவர் இல்லாதவர் என்ற பேச்சே வேண்டாம். தலைவர் வீட்டுத் துணிதான் முதலில் அண்டாவுக்குள் போகும்; அவர் சம்மதித்துவிட்டார், அவருடைய மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.