மனிதனும் யந்திர மனிதனும்



நாம் வசிக்கும் கரமனை, திருவனந்தபுரத்தில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி. இங்குள்ள குழந்தைகளுக்கு முதலில் அறிமுகமாகும் யந்திர மனிதன், கோட்டைக்குள் பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகேயுள்ள மேத்தன் மணியே. 19-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பெற்ற அக்கடிகாரத்தில் தாடி வைத்த முகம் ஒன்று உண்டு. மணிதோறும் அது வாய் திறக்கும். இரு ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் மோதும் வண்ணம் அமைத்திருக்கிறார்கள். “அதற்கு வலிக்காதா?” என்று குழந்தைகள் கேட்பதுண்டு.

யந்திரத்தை மனிதனாக எண்ணும் இவ்வியல்பு நம்மை விட்டு நீங்குவதில்லை. 2019 பிப்ரவரியில், இந்நகரிலுள்ள போலீஸ் தலைமையகத்தில் ரோபோ ஒன்று சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துடன் பணியில் அமர்த்தப்பெற்றது. முதலமைச்சர் பினராயி விஜயனுக்கு அது சல்யூட்டும் செய்தது. இதனால் எவருக்கும் தீங்கில்லை. மனிதனை யந்திரமாக எண்ணுவதே தீங்கு.

‘ரோபோ’ என்ற சொல், செக் மொழி ஆசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தின் வாயிலாக உலகில் பரவியது. அதன் மூலச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்பது பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. பழைய திருவிதாங்கூரில் கூலியின்றி வாங்கப்பெற்ற கட்டாய வேலைக்கு ‘ஊழியம்’ என்றே பெயர்.

கழிவுநீர்க் குழிகளில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்கலாகாது என்று 2013-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2015 நவம்பரில், கோழிக்கோட்டில் அத்தகைய குழி ஒன்றில் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் இருவர் சிக்கிக்கொண்டனர். அவர்களைக் காக்க ஓர் ஆட்டோ ஓட்டுநர் உள்ளே இறங்கினார். மூவரும் மாண்டனர்.

2018-இல், திருவனந்தபுரத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்து இளைஞர்கள் ‘பாண்டிகூட்’, அதாவது பெருச்சாளி, என்னும் யந்திரத்தை இந்நகரில் அறிமுகம் செய்தனர். அதன் கைகள் குழிக்குள் சென்று கசடை அள்ளும். மேலே நிற்பவர் திரையைப் பார்த்து அதனை இயக்குவார். துப்புரவுத் தொழிலாளருக்கே அப்பயிற்சி அளிக்கப்பெற்றது.

ஆயினும் 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளர் ஒருவர் வெள்ளத்தில் மறைந்தார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அவரைத் தேடும் பணியில் ரோபோவும் ஈடுபட்டது. தேடுவதற்கு யந்திரம் வந்தது; குப்பை அள்ளுவதற்கோ மனிதரையே இறக்கியிருந்தோம்.

மனிதனுக்கும் யந்திரத்துக்கும் எல்லை எங்கே? ஏவினால் இறங்குவது யந்திரம். கோழிக்கோட்டு ஓட்டுநரை எவரும் ஏவவில்லை. முன்பின் அறியாத இருவருக்காக இறங்கினாரே, அவ்விடத்தில் எல்லை தெளிவாகத் தெரிகிறது.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! உங்கள் தெருவில் சாக்கடை மூடி திறந்திருக்கக் கண்டால், உள்ளே இறங்குவது யார் என்று ஒரு கணம் நின்று விசாரியுங்கள். அவரும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவராக இருக்கலாம்.