மாணவர் மனநலம்: வாயிற்காவலருக்கும் பயிற்சி வேண்டும்

(சங்கத்தின் மும்பை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கவும், தண்ணீர் பிடித்து வைக்கவும், ஊருக்குப் போன் பேசவும் நமக்குக் கிடைக்கிற ஒரே நாள். அந்த நாளில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாணவர் மனநலம் குறித்துக் கொடுக்க வேண்டிய பயிற்சியைப் பற்றி இந்த மாதம் பேசப்போகிறோம் என்றவுடன், "பேராசிரியருக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன, நமக்கு என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. தாராவியிலிருந்தும், சயான் கோலிவாடாவிலிருந்தும், செம்பூரிலிருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். பல வீடுகளில் அவர்கள்தான் முதல் பட்டதாரிகள். அதே கல்லூரிகளின் விடுதிச் சமையற்கட்டிலும், வாயிலிலும், கழிவறையிலும் வேலை செய்கிறவர்களும் நம் ஆட்களே. படிக்கிற பக்கமும் நாம், பாத்திரம் கழுவுகிற பக்கமும் நாம். நமக்குச் சம்பந்தம் இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. நாளொன்றுக்கு 35 பேருக்குக் குறையாமல் வருகிறது. ஒரு ரயில் விபத்தில் 35 பேர் இறந்தால் அமைச்சர் பறந்து வருகிறார், விசாரணை நடக்கிறது. தினமும் நடக்கிற இந்த விபத்துக்கு யார் பறந்து வந்தார்கள்?

விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த, வங்காளத்தைச் சேர்ந்த பதினேழு வயதுப் பெண் 2023ஆம் ஆண்டில் இறந்துபோனாள். சொந்த ஊரை விட்டு, வேறு மொழி பேசும் ஊரில், விடுதியில் இருந்த பிள்ளை. தகப்பனார் விடவில்லை. நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். அந்த வழக்கில்தான் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இருவரும் பதினைந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தார்கள். சட்டமன்றங்களோ நாடாளுமன்றமோ தகுந்த சட்டம் கொண்டுவரும்வரை நாடெங்கும் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றையும் இவை கட்டுப்படுத்தும் என்றும் சொன்னார்கள்.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. நாம் இன்னொன்றைப் பார்க்கிறோம். ஆசிரியர்கள் மட்டுமல்ல, ஆசிரியரல்லாத ஊழியர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கட்டாயமாகப் பயிற்சி பெற வேண்டும், அதைச் சான்று பெற்ற மனநல வல்லுநர்கள் நடத்த வேண்டும் என்கிறது அந்த நெறி. மனத்துக்கான முதலுதவி, ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, தன்னைத்தானே வருத்திக்கொண்ட பிள்ளையிடம் நடந்துகொள்ளும் முறை, யாரிடம் கொண்டு சேர்ப்பது என்ற வழி, இவைதான் பாடம்.

ஆசிரியரல்லாத ஊழியர்! இந்த இரண்டு வார்த்தைகளில்தான் நம் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ரயில்வேயில் வேலை செய்கிற எங்களுக்கு இது புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நாங்கள் பத்தாம் வகுப்போடு நின்ற குமாஸ்தாக்கள். மேசையில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவர்கள். ஆனாலும் ரயில்வேக்காரன் எவனுக்கும் ஒரு விஷயம் தெரியும். வண்டிக்கு ஆபத்து என்று கண்டால் நிறுத்துவது டிரைவர் வேலை, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தண்டவாளத்தில் விரிசல் கண்ட கேங்மேன் நிறுத்தலாம். நிறுத்தியே தீர வேண்டும். (கேங்மேன் என்ற பெயரை இப்போது டிராக் மெயின்டெய்னர் என்று மாற்றிவிட்டார்கள். பெயர் நீண்டது, வேலை குறையவில்லை.) சிவப்புக் கொடி கையில் இல்லையென்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் போதும், டிரைவர் நிறுத்த வேண்டும். 'நீ என்ன கிரேடு?' என்று அப்போது யாரும் கேட்பதில்லை. அது மட்டுமா? வண்டி ஓட்டுகிறவர்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். ஒருமுறை படித்தாயிற்று, ஆயுளுக்கும் போதும் என்று விடுவதில்லை. இரும்புத் தண்டவாளத்துக்கு இவ்வளவு ஏற்பாடு செய்யத் தெரிந்த நாட்டில், பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதிக்கு ஏன் கூடாது?

விடுதியில் விரிசலை முதலில் காண்கிறவர் யார்? பேராசிரியர் அல்ல. அவர் வாரத்துக்குச் சில மணி நேரம், முழு வகுப்பையும் ஒருசேரப் பார்க்கிறார். தட்டு எடுக்க வராத பையனைத் தெரிந்தவர் சமையற்கட்டு அம்மா. இரவு மூன்று மணிக்கு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பவனைத் தெரிந்தவர் காவலாளி. பத்து நாளாகத் திறக்காத அறைக்கதவைத் தெரிந்தவர் பெருக்க வருகிறவர். உதவித்தொகை வரவில்லையென்று நான்காவது தடவை வந்து நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்ப்பவர் கவுண்டர் குமாஸ்தா.

நம் தெரு அக்கா ஒருவர் விடுதியொன்றில் ஒப்பந்தக்காரரிடம் சப்பாத்தி போடும் வேலை செய்கிறார். எந்த விடுதி என்று இங்கே சொல்ல வேண்டாம், அக்காவின் வேலை போய்விடும். தினமும் "மாசி, இன்னொன்று" என்று கேட்டு வாங்குகிற பையன் மூன்று நாளாகச் சாப்பிடவே வரவில்லை. நான்காம் நாள் வந்தான், தன் புதுக் கம்பளியை அக்காவிடம் கொடுத்து, "உங்கள் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். "உனக்குச் சப்பாத்திதான் வேலை, அதைப் பார்" என்று பதில் வந்தது. அக்கா விடவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு விடுதிக் காப்பாளரின் வீட்டு வாசலில் போய் நின்றார். பையனைக் கண்டுபிடித்தார்கள், மருத்துவரிடம் கொண்டுபோனார்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தார்கள். ஒரு பருவம் கழித்துத் திரும்பி வந்து இப்போது படிக்கிறான். அக்காவுக்கு அன்றைக்கு அரை நாள் கூலி வெட்டு.

இந்த அக்காவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தாய்மனம் சொல்லிக்கொடுத்தது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் எல்லா உயிரையும் தாய்மனத்தின் பொறுப்பில் விட்டுவிட முடியாது. பிரியமான பொருள்களைத் திடீரென்று எடுத்துக் கொடுப்பது ஓர் அறிகுறி என்பது கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம். சாப்பாடும் தூக்கமும் கெடுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, "என்னால் எல்லோருக்கும் பாரம்" என்று பேசுவது, பல நாள் கலங்கிக் கிடந்தவன் காரணமில்லாமல் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது, இவையும் அப்படியே.

எப்படிப் பேசுவது என்பதையும் கற்க வேண்டும். பலருக்கு ஒரு பயம் இருக்கிறது: 'சாக நினைக்கிறாயா என்று கேட்டால், நாமே அந்த நினைப்பை ஊட்டியதாகிவிடுமே' என்று. அது தவறு. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாராவது கேட்டார்களே என்று மனச்சுமை இறங்கத்தான் வழியுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட முதலுதவிக் கையேடு முழுவதையும் மூன்று சொல்லில் சொல்லிவிடலாம்: பார், கேள், கொண்டுசேர். கேள் என்றால் காது கொடுத்துக் கேள். "எங்கள் காலத்தில் நாங்கள் படாத பாடா?" என்று நாம் ஆரம்பித்தோமோ, பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். உபதேசம் வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கவும் வேண்டாம். ஆபத்து என்று தெரிந்தால் தனியே விடாமல் கூட இருந்து, ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ ஒப்படைக்க வேண்டும். அத்தோடு நம் வேலை முடிந்தது. சமையல் அம்மாவை டாக்டராக்க யாரும் கேட்கவில்லை.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், அவர்மேல் வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நீதிமன்றம் 'ஊழியர்' என்றது. சமையல், காவல், துப்புரவு ஆகியவற்றில் ஒப்பந்தக் கூலிகள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். நிர்வாகத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. பயிற்சி நாளன்று பேராசிரியர்களும் நிரந்தர ஊழியர்களும் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். நம் அக்கா வெளியே அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஊழியர் அனைவருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது என்று அறிக்கையும் போய்விடும். இதை நாம் அனுமதிக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சி, அவருக்குப் புரிகிற மொழியில் பயிற்சி, அந்த நேரத்துக்குக் கூலி. இதில் எதை விட்டாலும் பயிற்சி காகிதத்தில்தான் இருக்கும்.

கவுண்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் கவுண்டர்களையே பார்த்து வாழ்கிறவர்கள். 2024ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு, தலித் இளைஞன் அவன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய பணம் 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை ஐந்து மணிக்குள் கட்ட முடியவில்லை, இடம் போய்விட்டது. அவன் உச்ச நீதிமன்றம்வரை போய், செப்டம்பர் 30 அன்றுதான் அந்த இடத்தைத் திரும்பப் பெற்றான். எத்தனை பிள்ளைகளால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியும்? மற்றவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், ஒரு மூலையில் உட்காருகிறார்கள். நம் பிள்ளைகளின் கதை வேறு விதம். மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால், 1950 ஆகஸ்டு 10 அன்று குடும்பம் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். தாத்தா திருநெல்வேலியிலிருந்து 1960இல் வந்தார் என்றால் கதை முடிந்தது. விதியைக் குமாஸ்தா மாற்ற முடியாது, உண்மை. ஆனால் "மத்திய அரசு நிறுவனத்துக்குச் சொந்த மாநிலச் சான்றிதழே செல்லும், அதை வாங்கி வா தம்பி" என்று சொல்வதற்கும், "மதராசி, உனக்கு இங்கே என்ன?" என்று விரட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா? ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களிடம் பாகுபாடின்றி நடந்துகொள்ள அலுவலக ஊழியருக்கும் பயிற்சி வேண்டும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

இளைஞர்கள் இடைமறிப்பார்கள், தெரியும். "பயிற்சி கொடுத்தால் சாதி போய்விடுமா? பாகுபாட்டை மூடி மறைக்க 'மனநலம்' என்று நிர்வாகம் ஒரு போர்வையைப் போர்த்துகிறது" என்பார்கள். அந்தச் சந்தேகம் வேண்டும். 2007ஆம் ஆண்டிலேயே தோரட் குழு, டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், ஆதிவாசி மாணவர்கள் படும் பாகுபாட்டை எழுதி வைத்தது. அதற்குப் பின்னால்தான் 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வேமுலாவின் மரணம். அவமானப்படுத்தப்பட்ட பிள்ளையிடம், "மூச்சை இழுத்து விடு, சரியாகும்" என்று சொல்வது பயிற்சி அல்ல, கேலி. எனவே பயிற்சியையும் கேட்போம், சாதி சொல்லித் திட்டியவர்மேல் நடவடிக்கையையும் கேட்போம், உதவித்தொகையைக் காலத்தில் கொடு என்றும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட விடமாட்டோம்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. பெற்றோருக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது தீர்ப்பு. அழைப்பு வந்தால் போக வேண்டும், ஒரு நாள் கூலி போனாலும் சரி. 14416 என்ற எண்ணை எல்லோரும் எழுதிக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளையை நினைத்துத் தூக்கம் வராத தாய்க்கும் அதே எண்தான். இந்த எண்ணை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் உத்தரவு. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் எழுதியிருக்கிறதா என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. நம் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிகளின் முதல்வர்களுக்கு ஒரு மனு தயாராகியிருக்கிறது. இந்த ஆண்டு பயிற்சி எந்தெந்தத் தேதியில் நடந்தது, ஒப்பந்தத் தொழிலாளிகள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்தீர்களா என்று அதில் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பயிற்சி நடந்தது என்று காட்டும் ஆண்டறிக்கையை மேலமைப்புக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலும் கேட்டிருக்கிறோம். புகார் சொல்பவரையும் தவறை வெளிப்படுத்துபவரையும் பழிவாங்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்வதை எடுத்துக்காட்டி, ஆபத்தை அறிவித்த தொழிலாளியின் கூலியை வெட்டக் கூடாது என்று தனியே ஒரு பத்தி எழுதியிருக்கிறோம். அக்காவின் பெயர் அதில் இல்லை.

மனு தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் இருக்கிறது. கையெழுத்துத் தாள் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. விடுதிகளில் வேலை செய்கிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், அவர்களுக்காக மற்றவர்கள் போடுவோம். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியின் பெயரைச் சொன்னால் தனித்தனியாக எழுதிக்கொள்வார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் வந்த பதில்களையும் வராத பதில்களையும் இங்கேயே படிப்போம்.