செங்கல்லில் பதிந்த வாற்கோதுமை

ஒரு பழைய கிராமம் என்ன சாப்பிட்டது என்பதை அதன் செங்கல் சொல்லுமா? சொல்லும்.

பாகிஸ்தானின் பலூசிஸ்தானில், போலன் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது மெஹர்கர். தெற்காசியாவின் மிகப் பழைய உழவர் ஊர்களில் ஒன்று. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விவசாயம் நடந்திருக்கிறது. போலன் ஆறு கரையை அறுத்துக்கொண்டு ஓடியதில் பழைய மண் அடுக்குகள் வெளியே தெரிந்தன. 1974-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பிரான்சுவா ஜாரிழ் குழுவினர் அங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள்.

அந்த ஊர் வீடுகள் சுடாத செங்கல்லால் ஆனவை. நம் ஊரில் மண்சுவர் வைக்கும்போது வைக்கோலைப் போட்டு மிதித்துக் குழைப்பார்கள் இல்லையா? அப்படித்தான் அங்கேயும். களத்தில் மிஞ்சிய உமியும் தாளும் மண்ணோடு சேர்ந்தன. சில தானிய மணிகளும் சேர்ந்தன. மணி மக்கிப் போயிற்று, அதன் அச்சு மட்டும் செங்கல்லில் நின்றுவிட்டது. அந்த அச்சைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்: அதிகம் விளைந்தது வாற்கோதுமை, கொஞ்சம் கோதுமை. எழுத்தே இல்லாத காலம் அது. செங்கல்தான் சாட்சி.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. செங்கல்லின் மேல்பக்கம் வரிசையாக விரல் குழிகள். கலவை நன்றாகப் பிடிக்கட்டும் என்று அழுத்தியவை. செங்கல் அறுத்தவர் பெயர் தெரியாது. அவர் விரல் எவ்வளவு பருமன் என்று தெரியும்!

வீட்டுக்குள் சின்னச் சின்ன அறைகள். வாசலே இல்லாத அறைகளும் உண்டு. அவை தானியம் சேர்த்து வைத்த இடம் என்கிறார்கள். சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் மெஹர்கர் காலியானது. பக்கத்து ஊரான நௌஷாரோவில் வாழ்க்கை தொடர்ந்தது.